மூன்றாவது தூரம்

பதினாறு நாள் ஜெயப்பிரியாவுக்கு மூச்சு இரைக்கவில்லை.

கணவனின் பெரியப்பா செங்கல்வராயன் ஆவணி பிறந்த கையோடு முத்தாபுதுப்பேட்டையில் இறந்துபோனார். பங்காளித் தீட்டு. காரியம் முடிகிறவரை வீட்டில் யாரும் பூவைத் தொடக்கூடாது என்று மாமியார் முத்தம்மாள் சொல்லிவிட்டாள். அவர்கள் வீடே பூக்கடைதான். திருமுல்லைவாயிலில் தெருவைப் பார்த்த முன்னறையில் கடை, அதை ஒட்டிய கூடத்தில் மாலை கட்டுகிற இடம். தெருமுனை அம்மனுக்குத் தினமும் இரண்டு மாலை போகும். சுற்றிலும் எழும்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகளின் சாமி அறைகளுக்கு உதிரிப்பூ போகும். தீட்டுக் கை பட்ட பூவைச் சாமிக்குக் கொடுக்க முடியாது. கடையின் ஷட்டரை இறக்கினார்கள்.

"அம்மனுக்கு மாலை யாரு குடுப்பா?" என்று ஜெயப்பிரியாவின் கணவன் பரந்தாமன் கேட்டான்.

பின்தெரு ஜமீலா பல வருஷமாக அவர்களிடம் பூக் கட்டுகிறவள். "எனக்கு இன்னா தீட்டு? மூட்டைய எங்க ஊட்ல எறக்கிடு நைனா, நான் கட்டி அனுப்பறேன்" என்றாள். "இத்தினி வருசமா நான் போட்ட முடிச்சுதான அது கழுத்துல கெடக்குது. இப்ப மட்டும் யாருடி நீன்னு கேக்குமா?"

முத்தம்மாள் சிரித்துவிட்டாள். அந்தப் பதினாறு நாளும் அம்மனுக்கு ஜமீலா வீட்டு மாலைதான்.

ஜெயப்பிரியா முதலில் எதையும் கவனிக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போய்வருவதும் வருகிறவர்களுக்குக் காபி கலப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் கண்விழித்தபோது தலையணையில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அது புதிது. இரண்டு வருஷமாக அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஒரே மூச்சில் ஏறினாள். ஏறி முடித்த பிறகுதான், நடுப்படியில் நிற்க மறந்துவிட்டோம் என்று தெரிந்தது. நீல நிற இன்ஹேலர் அலமாரியில் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அதன் மேல் லேசாகத் தூசி.

தூசிதான் காரணம் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஆவடியில் நெஞ்சு டாக்டரிடம் முதலில் போனபோது அவர் வரிசையாகக் கேட்டார். வீட்டில் நாய், பூனை உண்டா? ஜன்னலில் புறா அடைகிறதா? விறகடுப்பா? பஞ்சுத் தலையணையா? கடைசியில், "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"வேலைக்கெல்லாம் போகல சார். வீட்லதான் இருக்கேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை வேலை என்பது வெளியே போவது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் பஸ் ஏறுகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். விடிந்தது முதல் விளக்கு வைக்கிற நேரம் வரை கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டுவதை அந்தத் தெருவில் யாரும் வேலை என்று சொன்னதில்லை. "சும்மாதான் இருக்கேன், பூக் கட்டிக்கினு" என்பார்கள். டாக்டர் 'குடும்பத்தலைவி' என்று எழுதிக்கொண்டார். தூசியாக இருக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து தலையணைகளை மாற்றினார்கள். பரந்தாமன் ஞாயிறுதோறும் ஃபேன் இறக்கையைத் துடைத்தான். கொசுவத்தியை நிறுத்தினார்கள். இரைப்பு நிற்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஐயர் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். பொழுது விடியுமுன்னே பரந்தாமன் கோயம்பேட்டிலிருந்து சாமந்தி மூட்டைகளோடு வந்தான். ஜெயப்பிரியா கூடத்தில் உட்கார்ந்து ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்தாள். பச்சையும் கசப்புமான அந்த வாசனை முகத்தில் அடித்தது. அடுக்கடுக்காகத் தும்மினாள். மதியம் கண் அரித்தது. சாயங்காலம் மகள் பவ்யா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அவள் மேல் சாய்ந்தவள், காதை அம்மாவின் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்மா, உள்ள பூனைக்குட்டி திரும்ப வந்துடுச்சு."

ஜெயப்பிரியா பிளஸ் டூவில் அறிவியல் படித்தவள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்று ஆய்வகத்தில் சொல்வார்கள். அதே வீடு. அதே தலையணை. நெடுஞ்சாலையிலிருந்து அதே லாரிப் புழுதி. சாவு வீடு என்று சொல்லித் தூசி பதினாறு நாள் ஒதுங்கி நிற்கவில்லை. ஒதுங்கி நின்றது பூ மட்டும்தான்.

அன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்வதுதான் முடியவில்லை.

அந்தக் கடையில் பூவுக்குப் பக்கத்தில் சில சொற்கள் வரக்கூடாது. பூ தீர்ந்துபோனால் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். 'நெறைஞ்சிடுச்சு, நாளைக்கு வா' என்பாள் முத்தம்மாள். புதிதாகக் குடிவந்த ஐ.டி. பெண்கள் புரியாமல், "நிறைய இருந்தா குடுங்களேன் ஆன்ட்டி" என்று நிற்பார்கள். வாங்க வருகிறவள் 'பூ வேணாம்' என்றால்கூட அவள் முகம் மாறிவிடும். ஒரு கிள்ளாவது தலையில் வைத்துத்தான் அனுப்புவாள். பூ ஆகாது என்று எந்தப் பெண்களைப் பற்றிச் சொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தாலி கட்டியவன் இருட்டில் டெம்போவை எடுத்துக்கொண்டு சாலையில் போய்வருகிற வீட்டில், கட்டியவளே அந்த வார்த்தையைச் சொல்வதா? அவளுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. முத்தம்மாள் அவளைப் பெண் கேட்டு வந்ததே விரல்களைப் பார்த்துத்தான். பட்டாபிராமில் ஒரு கல்யாணத்தில் மணவறைக்குப் பின்னால் உட்கார்ந்து, அறுந்துபோன மாலையை ஜெயப்பிரியா நொடியில் முடிந்து கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கை எங்க ஊட்டுக்கு வரணும்" என்று முத்தம்மாள் அங்கேயே சொன்னாள். சாதகம்கூடப் பிறகுதான் பார்த்தார்கள். கைக்காக வந்தவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த வீட்டில் என்னவாக உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாலைந்து நாள் பொறுத்தாள். ஒரு காலையில் பேச முடியாத அளவுக்கு இரைத்தது. முத்தம்மாள் தாம்பாளத்தில் பூவை நகர்த்தி வைத்தபோது, "அத்தே, நான் தூரம்" என்றாள்.

திட்டம் போட்டுச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. அந்த வீட்டில் மாதவிலக்காகித் தூரமானால் சமையலுக்குத் தடை இல்லை, படுக்கைக்குத் தடை இல்லை, பூவுக்கு மட்டும் தடை. முத்தம்மாள் தாம்பாளத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். ஜெயப்பிரியா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் படுத்துத் தூங்கினாள்.

அது முதல் தடவை. பத்து நாள் கழித்து இரண்டாவது. அது நிஜம். ஆனால் நிஜத்தைத்தான் முத்தம்மாள் நம்பாமல் பார்த்தாள்.

"இப்பத்தான தல முழுவுன? அதுக்குள்ளயா?"

"ஆமா அத்தே."

"ரொம்பப் போவுதா?"

ஜெயப்பிரியா தலையாட்டினாள். முத்தம்மாள் மறுநாள் அடுக்களையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். உதிரப்போக்குக்கு வாழைப்பூ நல்லது. அன்றைக்குப் பொரியல், மறுநாள் கூட்டு, அதற்கு மறுநாள் வடை. பரந்தாமன் நாலாவது நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "யம்மா, உதிரப்போக்கு எனக்கில்ல" என்றான்.

"வாய மூடிக்கினு துன்னு. எங்கக்கா இப்டித்தான் ஒர்த்தர்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தா. தெரிஞ்சப்ப கர்ப்பப்பை பூரா புத்து. ஆறு மாசம்கூட இல்ல."

ஜெயப்பிரியா அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி தட்டில் இடித்தது.

அந்த வாரமே முத்தம்மாள் அவளை ஆவடியில் பெண்களுக்கான டாக்டர் ரேகாவிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள். மாத்திரை கொடுத்தாள். "இதுலயே சரியாயிடும்" என்றாள். ஜெயப்பிரியா தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் எதிரில் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, கொல்லையில் வாய் கொப்பளிக்கும்போது துப்பினாள். இல்லாத நோய்க்கு மருந்து தின்னப் பயமாக இருந்தது.

புரட்டாசி பாதியில் ஆயுத பூஜை வந்தது. அந்த வீட்டுக்கு அது தீபாவளியைவிடப் பெரியது. எஸ்டேட் பட்டறைகள், ஆட்டோ ஸ்டாண்டுகள், ஒர்க் ஷாப்புகள், கிளினிக்குகள் எல்லாவற்றுக்கும் மாலை. கேட்பது எல்லாம் சாமந்தி. பூஜைக்கு முந்தின நாள் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் மஞ்சள் மலையாகக் குவிந்துகிடந்தது. ஜெயப்பிரியா அறை வாசலில் நின்றாள். உள்ளே போகுமுன்னே நெஞ்சு இறுகியது.

"அத்தே..."

முத்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த நார் நின்றுவிட்டது.

"மாத்திரைக்கும் நிக்கலியா?" என்றாள். திட்டவில்லை. குரல் இறங்கியிருந்தது. "போ. போய்ப் படு. பூஜை முடிஞ்ச மறுநாளே டாக்டராண்ட போறோம்."

பரந்தாமன் தலையைச் சொறிந்துகொண்டு மூட்டைகளைப் பார்த்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு மாலை கட்ட வராது. காம்பு கிள்ளிக் கொடுத்தான்.

மதியம் ஜமீலா கொல்லைப்புறம் கை கழுவ வந்தாள். ஜெயப்பிரியா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி இது, மாசத்துக்கு மூணு அமாவாசை? உனக்கு மட்டும் தனியா காலண்டர் அடிச்சுக் குடுக்கறாங்களா?"

"உடம்பு சரியில்லக்கா."

"உடம்பு சரியில்லாதவ மூஞ்சியப் பாரு. காலைல பேச வரல, இப்ப பளிச்சுனு கீறே." ஜமீலா குழாயை மூடிவிட்டு, ஈரக் கையை அவள் முன்னால் நீட்டினாள். விரல் நுனிகள் வெடித்து, தோல் உரிந்து சிவந்திருந்தன. "சாமந்தி சீசன் வந்தா எனக்கு இப்டிதான். உப்பு பட்டா உயிர் போவும். எனக்குக் கையில கடிக்குது. உனக்கு நெஞ்சுல கடிக்குதா?"

ஜெயப்பிரியா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தெருப்பக்கம் யாரோ மாலை கேட்டுக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தைகிட்ட சொல்லாதீங்கக்கா."

"நான் இன்னாத்த சொல்லப் போறேன்? அந்தம்மா உள்ள குந்திக்கினு மூக்க சிந்திக்கினுகீது. அக்கா மாரியே இதுவும் பூடுமோன்னு என்கிட்ட மூணு தபா கேட்டுச்சு. பயத்துலயே அந்தம்மாவக் கொன்னுடாத." ஜமீலா முந்தானையில் கையைத் துடைத்தாள். "எனக்கின்னா, கை கடிக்குதுன்னா கடிக்குதுன்னு கத்துவேன். நீ மருமவ. உன் பேஜாரு வேற."

விஜயதசமி காலையில் ஆவடி கிளினிக்கில் கூட்டம் இல்லை. வாசலில் பூசணிக்காய் உடைத்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. முத்தம்மாள் டாக்டருக்கு ஒரு பந்து மல்லி கொண்டுவந்திருந்தாள். வழி முழுக்க மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆட்டோவை விட்டு இறங்கியும் விடவில்லை.

ஸ்கேன் அறை சின்னது. ஜன்னல் மூடி, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மெஷினுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கழுத்து நிறையச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். நேற்றைய மாலை. ஓரங்கள் வாடத் தொடங்கியிருந்தன.

"நம்ம கடை மாலைதான் டாக்டர்" என்றாள் முத்தம்மாள். "முடிச்சப் பார்த்தாலே தெரியும். நான் கட்டுனது."

"ரொம்ப நல்லா இருந்துதும்மா, ரெண்டு நாள் இருக்கட்டும்னு எடுக்கல" என்றாள் டாக்டர் ரேகா.

ஜெயப்பிரியா மேஜையில் படுத்தாள். மாலை அவள் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் தொங்கியது. டாக்டர் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயப்பிரியா வாயை மூடி, மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை இழுத்தாள். தும்மல் வந்தது. மறுபடி வந்தது. பிறகு அந்தப் பூனைக்குட்டி மெதுவாக எழுந்து உட்கார்ந்தது.

"ஸ்கேன்ல ஒண்ணும் தப்பா தெரியல. ரத்தமும் நார்மல்" என்றாள் டாக்டர். பசையைத் துடைக்கத் துணி கொடுத்தாள். "ஆனா மாத்திரை சாப்பிட்டும் மூணாவது தடவைங்கறீங்க. இனிமே மேலோட்டமா பார்த்துக்கிட்டு இருக்க வேணாம். மயக்கம் குடுத்து, கர்ப்பப்பைலேர்ந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம். ஒருநாள் இருந்தா போதும்."

"புத்தா டாக்டர்?" என்றாள் முத்தம்மாள்.

"அப்படியெல்லாம் சொல்லலம்மா. இல்லைன்னு உறுதி பண்ணிக்கத்தான்."

முத்தம்மாள் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். மடியில் இருந்த மல்லிப் பந்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பூவைக் கசக்கி ஜெயப்பிரியா பார்த்ததில்லை.

"மயக்க மருந்துக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்" என்ற டாக்டர் நிறுத்திவிட்டு ஜெயப்பிரியாவின் பக்கம் குனிந்தாள். "இது என்ன, விசில் சத்தம்? உள்ள வரும்போது இல்லியே."

ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள்.

"வீசிங் உண்டா? முதல் தடவை வந்தப்பவே சொல்லியிருக்கணும். எப்படி இருக்கும், எப்பவுமா? எதனாலயாவது வருமா?"

"தூசி டாக்டர்" என்றாள் முத்தம்மாள். "அவளுக்குத் தூசி ஆவாது."

டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். தரை ஈரத்தோடு மினுங்கியது. "இங்க தூசி எதுவும் இல்லியேம்மா. அவங்களே சொல்லட்டும். சொல்லுங்க, எது ஆகாது உங்களுக்கு?"

ஜெயப்பிரியா மேஜையிலிருந்து கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். மாலையைப் பார்த்தாள். முத்தம்மாளின் முடிச்சு நெருக்கமாக, ஒரு இதழும் சிதையாமல் இருந்தது. பிறகு மாமியாரைப் பார்த்தாள். முத்தம்மாளின் கண் ஓரங்கள் கருத்திருந்தன. ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள்.

"அத்தே, எனக்கு ரத்தப்போக்கு இல்ல" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "முதல் தடவை பொய். இப்பவும் பொய். நடுவுல வந்தது மட்டும்தான் நிஜம். மாத்திரைய நான் முழுங்கவே இல்ல. உங்க அக்காவுக்கு வந்தது எனக்கு இல்ல. அழாதீங்க."

முத்தம்மாள் வாயைத் திறந்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எதுக்குடி?" என்றாள் முத்தம்மாள். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாத குரல். "எதுக்குடி அப்டி ஒரு பொய்? எதுக்காவது ஒரு காரணம் வேணாமா?"

ஜெயப்பிரியா மறுபடி மூச்சை இழுத்தாள். பாதிதான் உள்ளே போனது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்குப் பூ ஆகாது."